லாங்கதொக்: பட்டியலில் இல்லாத பிரெஞ்சு வட்டாரம்

பிரான்சின் தெற்கே, ஒராஞ்ச் நகரிலிருந்து நார்போன் பக்கம் போகும் ஏ9 நெடுஞ்சாலைக்கு 'லாங்கதொசியேன்' என்று பெயர். லாங்கதொக் நாட்டுச் சாலை என்று பொருள். அந்தச் சாலையின் இருபுறமும் விளையும் திராட்சையில் செய்த ஒயின் புட்டிகளில் 'லாங்கதொக்' என்று அச்சிட்டிருக்கும். சற்று மேற்கே மலைப்பக்கம் திரும்பினால் 1973இல் அமைத்த 'மேல் லாங்கதொக் வட்டார இயற்கைப் பூங்கா' வரும். ஆனால் பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பில் இன்றுள்ள 13 பிராந்தியங்களின் பட்டியலில் லாங்கதொக் இல்லை. மாவட்டப் பட்டியலிலும் இல்லை. அந்தப் பெயரில் இன்று ஒரு பிராந்திய மன்றமோ நிர்வாகமோ கிடையாது.

அப்படியானால் லாங்கதொக் என்பது எது? கேட்கும் ஆளைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும் பதில் மாறும். ஒரு மொழி, ஓர் அரச மாகாணம், ஒரு நிர்வாகப் பிராந்தியத்தின் பாதிப் பெயர், ஒரு ஒயின் தரப்பெயர் என்று வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு எல்லைகளோடு இந்தப் பெயர் வழங்கியிருக்கிறது. அந்த எல்லைகளில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. பிரெஞ்சு வரலாறு படிக்கிறவர்களும் ஒயின் வாங்குகிறவர்களும் பயணம் திட்டமிடுகிறவர்களும் ஒருமுறையாவது இதில் குழம்பியிருப்பார்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு சொல். பாரிஸ்காரர்கள் நடுவில் வரும் மெல்லிய உயிரொலியை விழுங்கிவிடுவார்கள். தெற்கத்தியார் அதை ஒலித்தே சொல்வார்கள். அந்த ஊர்க்காரர் வாயில் வரும் ஒலிக்குப் பக்கமாக, இங்கே 'லாங்கதொக்' என்றே எழுதுகிறேன்.

'ஆம்' என்பதற்கு என்ன சொல்?

பெயரின் வேர் மிக எளியது. 'லாங்' என்றால் மொழி. 'ஒக்' என்றால் ஆம். 'ஒக்' சொல்லும் மொழி என்பதுதான் லாங்கதொக்.

இடைக்காலத்தில் இன்றைய பிரான்சின் வடபாதியும் தென்பாதியும் வெவ்வேறு மொழிகள் பேசின. இரண்டும் இலத்தீனிலிருந்து கிளைத்தவை. 'ஆம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெற்கத்தியார் இலத்தீனின் 'ஹொக்' என்ற சுட்டுச்சொல்லைச் சுருக்கி 'ஒக்' என்றார்கள். 'இது', அதாவது 'இதுவே' என்று ஆமோதிப்பதுபோல. வடக்கத்தியார் அதே 'ஹொக்' சொல்லோடு 'அவன்' என்ற பொருள் தரும் 'இல்லே'யைச் சேர்த்து 'ஓயில்' என்றார்கள். அந்த 'ஓயில்' தேய்ந்துதான் இன்றைய பிரெஞ்சு மொழியின் 'உய்' ஆனது.

இத்தாலியக் கவிஞர் தாந்தே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் மொழிகளைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில் இந்த அளவுகோலையே பயன்படுத்தினார். ஆமோதிக்கும்போது ஒரு சாரார் 'ஒக்' என்கிறார்கள், ஒரு சாரார் 'ஓயில்' என்கிறார்கள், இத்தாலியர் 'சீ' என்கிறார்கள் என்று மூன்றாகப் பிரித்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'ஒக் மொழி' என்பது அதைப் பேசியவர்கள் எல்லோரும் தாமாக வைத்துக்கொண்ட பெயரல்ல. திருபதூர் எனப்பட்ட அக்காலத் தென்னாட்டுக் கவிஞர்களும் அவர்களைப் பற்றி எழுதியவர்களும் தம் மொழியை 'ரொமான்ஸ்', 'லெமொசி', 'ப்ரொவென்சல்' என்று பலவாறாகச் சொன்னார்கள். 'ஆம்' என்ற சொல்லைக் கொண்டு ஒரு மொழியை அடையாளம் காட்டுவது, அதை வேறொரு மொழியின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறவருக்கே தேவைப்படும்.

மொழியின் பெயர் நிலத்துக்கு வந்த கதை

அப்படி நிறுத்திப் பார்க்கும் தேவை பிரெஞ்சு அரசனின் எழுத்தர்களுக்கு 13ஆம் நூற்றாண்டில் வந்தது.

அதற்கு முன்பு தெற்கில் பெரிய அதிகாரம் துலூஸ் கோமகன்களுடையது. கதார் என்ற கிறித்தவப் பிரிவை ஒழிப்பதற்கென்று போப்பாண்டவர் அழைப்பு விடுக்க, 1209இல் வடக்கிலிருந்து படை வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் பெசியே நகரம் சூறையாடப்பட்டது. இருபது ஆண்டுப் போர் 1229இல் பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோனின் கிழக்குப் பகுதி நிலங்கள் அரசனிடம் போயின. அவருடைய மகள் ஜான், அரசன் ஒன்பதாம் லூயியின் தம்பி அல்போன்சை மணக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. இருவரும் 1271இல் பிள்ளையில்லாமல் இறந்ததும் துலூஸ் கோமகப் பகுதியும் அரசனுக்கே சேர்ந்தது.

இப்போது பாரிஸ் அரண்மனைக்குப் பெரியதொரு தென்னிலம் கிடைத்துவிட்டது. அதை ஆவணத்தில் எப்படி எழுதுவது? பக்கத்தில் புரோவான்ஸ் இருந்தது, கஸ்கோனி இருந்தது. அவற்றுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. புதிதாக வந்த நிலமோ பல சிற்றரசர்களின் பகுதிகள் ஒட்டியது. முழுவதற்கும் சேர்த்து வழங்கிய பெயர் எதுவும் இல்லை. எனவே எழுத்தர்கள் இலத்தீனில் 'லிங்குவா ஒக்சித்தானா' பேசும் பகுதிகள் என்று எழுதத் தொடங்கினார்கள். 'ஒக்' என்ற ஓரசைச் சொல்லை, அக்குவித்தானியா என்ற பழைய பெயரின் வார்ப்பில் நீட்டிச் செய்த இலத்தீன் அது. பேச்சு வழக்கில் அதுவே 'லாங்கதொக்' ஆயிற்று. அக்காலத்தில் 'மொழி' என்ற சொல் அதைப் பேசும் மக்களையும் அவர்கள் வாழும் நிலத்தையும் குறிக்கப் பயன்பட்டதால், நிலத்தை மொழியின் பெயரால் அழைப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

இந்த இலத்தீன் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒக்சித்தானியும் லாங்கதொக்கும் ஒரே காலத்தில் ஒரே தேவைக்காகப் பிறந்த இரட்டைப் பெயர்கள். ஏழு நூற்றாண்டு கழித்து இரண்டும் ஒரே வாக்குச் சீட்டில் எதிரெதிராக நிற்கப்போகின்றன.

பிறந்த நாளிலேயே இந்தப் பெயரில் ஒரு பொருந்தாமை இருந்தது. ஒக் மொழி பேசிய நிலம் மிகப் பெரியது. புரோவான்ஸ், கஸ்கோனி, லிமூசேன், ஓவெர்ஞ் என்று அட்லாண்டிக் கரையிலிருந்து ஆல்ப்ஸ் மலை வரை பரந்திருந்தது. ஆனால் புரோவான்ஸ் அப்போது பிரெஞ்சு அரசனுடையதே அல்ல. அது அவனிடம் வந்தது 1481இல். கஸ்கோனி ஆங்கில மன்னன் கையில் இருந்தது. ஆகவே 'ஒக் மொழி நாடு' என்ற பெயர், அந்த மொழி பேசிய நிலம் முழுவதையும் குறிக்காமல், அதில் அரசன் புதிதாகப் பெற்ற பகுதியையே குறித்தது. தொடக்கத்தில் அந்தப் பகுதி வடமேற்கே இன்னும் நீண்டிருந்தது. 1360இல் பிரெத்தினி உடன்படிக்கையால் ருவெர்கு, கெர்சி போன்றவை ஆங்கிலேயரிடம் போயின. துலூஸ், கார்க்கசோன், போக்கேர் ஆகிய மூன்று நகரங்களைத் தலைமையாகக் கொண்ட நிர்வாகப் பகுதிகள் மட்டும் மிஞ்சின. பின்னாளில் லாங்கதொக் மாகாணம் என்று உலகம் அறிந்தது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான்.

வடக்கிலும் இதற்கு இணையாக 'லாங்கதோயில்' என்ற பெயர் 14ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் வருகிறது. அங்கத்திய பிரதிநிதி மன்றங்கள் அந்தப் பெயரில் கூடின. ஆனால் அது மாகாணப் பெயராக நிலைக்கவில்லை. அரசனின் சொந்த நிலம் 'பிரான்ஸ்' என்றே இருந்துவிட்டது. தனிப் பெயரிட்டுச் சுட்ட வேண்டியிருந்தது தெற்கை மட்டுமே.

மாகாணமாக வாழ்ந்த காலம்

1790 வரை லாங்கதொக் பிரான்சின் பெரிய மாகாணங்களில் ஒன்று. அதை ஒரே நாடாக உணரவைத்தது மொழியைவிட மன்றங்களே.

முதலாவது, துலூஸ் நகரில் 1443இல் நிலைபெற்ற உச்ச நீதிமன்றம். வடக்கில் ஊர் வழக்கமே சட்டம். தெற்கில் ரோமானிய வழிவந்த எழுத்துச் சட்டம். அதன்படி தீர்ப்புச் சொல்லும் தனி நீதிமன்றம் இருந்தது மாகாணத்துக்குப் பெரிய கௌரவம்.

இரண்டாவது, 'லாங்கதொக் மன்றம்'. குருமார், பிரபுக்கள், நகர மக்கள் என மூன்று பிரிவினரும் அமர்ந்த சபை. நார்போன் பேராயர் தலைமை தாங்குவார். அரசன் நேரடியாக வரி விதித்துவிட முடியாது. இந்தச் சபையிடம் கேட்டுப் பெற வேண்டும். வரியை மாகாணத்துக்குள் பங்கிடுவதும் சபையின் பொறுப்பு. இதில் நகர மக்களின் பிரதிநிதிகள் மற்ற இரு பிரிவினரும் சேர்ந்த எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தார்கள். வாக்கு தலைக்கு ஒன்று. பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன் நாடெங்கும் பிரதிநிதித்துவம் பற்றிய வாதம் எழுந்தபோது லாங்கதொக் முன்மாதிரியாகப் பேசப்பட்டதற்கு இதுவே காரணம்.

சபையின் செல்வாக்குக்கு ஒரு சான்று கடலில் மிதந்தது. ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக் கடற்படை நொறுங்கியபோது, லாங்கதொக் மன்றம் அரசனுக்கு ஒரு போர்க்கப்பல் கட்டப் பணம் தந்தது. 80 பீரங்கிகள் கொண்ட அந்தக் கப்பல் 1766இல் தூலோன் துறையில் நீரில் இறங்கியது. பெயர் 'லாங்கதொக்'. அமெரிக்க விடுதலைப் போருக்கு 1778இல் பிரான்ஸ் அனுப்பிய கடற்படைக்கு அதுவே தலைமைக் கப்பல். அதில் தளபதியாகச் சென்ற தெஸ்தேன், இருபது ஆண்டுக்கு முன் பிரெஞ்சுத் தளபதி லல்லியின் படையோடு சென்னையை முற்றுகையிட வந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டவர்.

நிலத்தின் மீதும் அந்தக் காலம் ஒரு தடம் விட்டிருக்கிறது. பெசியே ஊர்க்காரரான பியேர்-போல் ரிக்கே திட்டமிட்டு, 1666 முதல் 1681 வரை வெட்டிய கால்வாய் துலூஸையும் மத்தியதரைக் கரையிலுள்ள தோ காயலையும் இணைக்கிறது. நீளம் சுமார் 240 கிலோமீட்டர். ரிக்கே 1680இல், வேலை முடிவதற்குச் சில மாதம் முன்பு இறந்தார். கால்வாய்க்கு அன்று 'லாங்கதொக் அரச கால்வாய்' என்று பெயர். இன்று உலகம் அறிந்த 'கனால் து மிடி', அதாவது தெற்குக் கால்வாய் என்ற பெயர் புரட்சிக் காலத்தில் வந்தது. யுனெஸ்கோ 1996இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது அந்தப் பெயரில்தான். 'அரச' என்ற அடையையும் மாகாணப் பெயரையும் சேர்த்தே புரட்சி நீக்கியதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது.

மாகாணத்துக்குள் 'மேல்', 'கீழ்' என இரு பிரிவுகள் உண்டு. துலூஸ், அல்பி பக்கம் மேல் லாங்கதொக். நார்போன், மோன்பெலியே, நீம் என்று கடல் பக்கம் இறங்கியது கீழ் லாங்கதொக். தலைநகரும் ஒன்றல்ல. நீதிமன்றம் துலூஸில், அரசனின் நிர்வாக அதிகாரி மோன்பெலியேயில். இரண்டு ஊருக்கும் இடையிலான இந்தப் போட்டி மாகாணம் ஒழிந்த பிறகும் ஓயவில்லை.

1790: வெட்டிய கோடுகள்

புரட்சி வந்ததும் அரசியல் நிர்ணய சபை பழைய மாகாணங்களைக் கலைத்து 1790இல் நாட்டை 83 மாவட்டங்களாகப் பிரித்தது. மாகாணச் சலுகைகளும் மாகாணப் பெருமிதமும் தொடரக் கூடாது என்பது நோக்கம். ஆகவே பெயர்களும் வரலாற்றிலிருந்து வரவில்லை. ஆறு, மலை, கடல் என்று இயற்கையிலிருந்து எடுக்கப்பட்டன.

லாங்கதொக்கின் நிலத்திலிருந்து ஆர்தேஷ், கார், ஏரோ, ஓத், தார்ன், லொசேர் ஆகிய மாவட்டங்கள் எழுந்தன. லொசேர் மலைப்பெயர், மற்றவை ஆறுகள். மேல் கரோன், மேல் லுவார் மாவட்டங்களிலும் அதன் துண்டுகள் சேர்ந்தன. பெயர் சட்டத்திலிருந்து மறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மக்கள் தங்கள் பகுதியைச் சொல்லும்போது பெரும்பாலும் 'மிடி' என்றார்கள். நண்பகல் என்றும் தெற்கு என்றும் பொருள்படும் சொல். 1907இல் ஒயின் விலை சரிந்து திராட்சைக் குடியானவர்கள் லட்சக்கணக்கில் மோன்பெலியே தெருக்களில் திரண்டபோதும் அது 'மிடி கிளர்ச்சி' என்றே பேசப்பட்டது.

பாதிப் பெயராக மறுவரவு

1950களில் பொருளாதாரத் திட்டமிடலுக்காக அரசு மாவட்டங்களைச் சேர்த்துப் பிராந்தியங்களை உருவாக்கியபோது பெயர் திரும்பி வந்தது. ஆனால் முழு மாகாணமாக அல்ல. கடற்கரைப் பக்கத்து ஓத், கார், ஏரோ ஆகியவற்றோடு லொசேரும் கிழக்குப் பிரெனே மாவட்டமும் சேர்ந்தன. இந்தக் கடைசி மாவட்டத்தின் பெரும்பகுதிதான் ருஸியோன். கத்தலான் மொழி பேசும் அந்நிலம் ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்கு வந்ததே 1659இல். ஒருநாளும் லாங்கதொக்கின் பகுதியாக இருந்ததில்லை. எனவே 'லாங்கதொக்-ருஸியோன்' என்று இணைப்புக் கோடு போட்டுப் பெயர் வைத்தார்கள். தலைநகர் மோன்பெலியே.

மாகாணத்தின் மூத்த நகரமான துலூஸ் எங்கே போயிற்று? பக்கத்தில் புதிதாக உருவான 'மிடி-பிரெனே' பிராந்தியத்துக்குத் தலைநகராயிற்று. துலூஸ் கோமகன்களும் மாகாண நீதிமன்றமும் இருந்த ஊர், லாங்கதொக் என்ற பெயருக்கு வெளியே நின்றது. ஆர்தேஷ் மாவட்டம் லியோன் பக்கத்துப் பிராந்தியத்தோடு போனது. ஆக, அந்தக் கால வரைபடத்தில் லாங்கதொக் என்று பார்க்கும் இடம், பழைய மாகாணத்தின் கீழைப் பாதி என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது கடற்கரை. 1963இல் பாரிஸ் அரசு, பியேர் ரசீன் தலைமையில் ஒரு குழு அமைத்து, கொசு மண்டிக் கிடந்த சதுப்புக் கரையைச் சுத்தப்படுத்தி விடுமுறை நகரங்கள் கட்டியது. கட்டடக் கலைஞர் ஜான் பலதூரின் பிரமிடு வடிவக் கட்டடங்கள் நிற்கும் லா கிராந்த்-மோத் அப்படி எழுந்த ஊர். 'லாங்கதொக்-ருஸியோன் கரை' என்ற சொற்றொடர் சுற்றுலா விளம்பரங்களில் ஊன்றிவிட்டது. 1982 அதிகாரப் பரவல் சட்டத்துக்குப் பின் பிராந்தியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கிடைத்தன. முதல் தேர்தல் 1986இல் நடந்தது.

இடையில் ஒரு செப்திமானி

இணைப்புக் கோட்டுப் பெயர் எல்லோருக்கும் பிடித்ததல்ல. 2004இல் பிராந்தியத் தலைவரான ஜார்ஜ் ஃப்ரேஷ், அதை 'செப்திமானி' என்று மாற்ற முனைந்தார். விசிகோத் அரசர்கள் ஆண்ட காலத்தில் நார்போனைச் சுற்றிய கடலோர நிலத்துக்கு வழங்கிய பெயர் அது. பெசியேயில் குடியமர்ந்த ஏழாம் ரோமானியப் படையணியிலிருந்து வந்தது என்றும், ஏழு நகரங்களைக் குறித்தது என்றும் இருவேறு விளக்கம் சொல்வார்கள்.

செப்திமானி எல்லை அன்றைய பிராந்தியத்துக்கு லாங்கதொக்கைவிட நன்றாகவே பொருந்தியது; ருஸியோனும் அதற்குள் அடங்கும். ஆனாலும் எதிர்ப்பு கிளம்பியது, குறிப்பாகக் கத்தலான் நகரமான பெர்பிஞானில். எல்லை சரியோ தவறோ, 'ருஸியோன்' என்ற தங்கள் பெயர் அழிவதை அவர்கள் ஏற்கவில்லை. 2005இல் ஃப்ரேஷ் முயற்சியைக் கைவிட்டார். வரைபடத்துக்குப் பொருந்துவதால் மட்டும் ஒரு பெயர் நிலைத்துவிடாது. அதற்குள் தங்களைக் காணும் மக்களும் வேண்டும் என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது.

2016: இரட்டையரின் போட்டி

2015 ஜனவரிச் சட்டம் பிரான்சின் ஐரோப்பியப் பகுதியிலிருந்த 22 பிராந்தியங்களை 13 ஆகக் குறைத்தது. 2016 ஜனவரி 1 முதல் லாங்கதொக்-ருஸியோனும் மிடி-பிரெனேயும் ஒன்றாயின. 13 மாவட்டங்கள், தலைநகர் துலூஸ். பெயர் மட்டும் இல்லை. தற்காலிகமாக நான்கு சொல்லையும் கோர்த்து 'லாங்கதொக்-ருஸியோன்-மிடி-பிரெனே' என்று எழுதினார்கள்.

பிராந்திய மன்றம் மக்களிடம் ஐந்து பெயர்களை வைத்துக் கருத்துக் கேட்டது: லாங்கதொக், லாங்கதொக்-பிரெனே, ஒக்சித்தானி, ஒக்சித்தானி-கத்தலான் நாடு, பிரெனே-மத்தியதரை. 2 லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். சுமார் 45 சதவீதம் பெற்று ஒக்சித்தானி வென்றது. ஜூன் 24 அன்று மன்றம் ஏற்றது. செப்டம்பர் இறுதியில் அரசாணையும் வந்தது.

லாங்கதொக் ஏன் தோற்றது என்பதற்குப் பழைய மாகாண வரைபடமே பெரும்பகுதி பதில் சொல்லும். புதிய பிராந்தியத்தின் மேற்கே உள்ள லோத் பழைய கெர்சி, அவெய்ரோன் பழைய ருவெர்கு, ஜேர் கஸ்கோனி, மேல் பிரெனே பிகோர், ஆரியேஜின் பெரும்பகுதி ஃபுவா. இந்த ஊர்க்காரர்களின் முன்னோர் மாகாணக் காலத்தில் தங்களை லாங்கதொக்கார் என்று சொன்னதில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒக் மொழியின் ஏதோ ஒரு வடிவத்தைப் பேசியவர்கள். மொழிப் பெயராகப் புரியும் 'ஒக்சித்தானி' அவர்களைச் சேர்த்துக்கொண்டது; மாகாணப் பெயராகிவிட்ட 'லாங்கதொக்' அவர்களை வெளியே நிறுத்தியது. ஆதியில் இரண்டுக்கும் ஒரே பொருள். ஒன்று 500 ஆண்டுக்கு மேல் ஓர் எல்லைக்குள் வாழ்ந்து சுருங்கியது. மற்றது இலத்தீன் ஏட்டில் கிடந்ததால் விரிவாகவே இருந்தது.

கத்தலான்களுக்கு இதுவும் கசந்தது. அவர்கள் பேசுவது ஒக் மொழியல்ல. 'ருஸியோன்' என்ற பெயரும் இப்போது போய்விட்டது. 2016 செப்டம்பரில் பெர்பிஞானில் ஊர்வலம் போனார்கள், வழக்கும் தொடுத்தார்கள், பலிக்கவில்லை. பிராந்தியச் சின்னத்தில் துலூஸ் கோமகன்களின் சிலுவையோடு கத்தலான் வரிகளும் இடம்பெற்றன. 'பிரெனே-மத்தியதரை' என்ற துணைத் தலைப்பும் சேர்ந்தது.

இன்னொரு பக்கமும் முணுமுணுப்பு உண்டு. மொழியறிஞர்களும் மொழி இயக்கத்தாரும் ஒக்சித்தானி என்று சொல்லும்போது, அதில் புரோவான்ஸும் லிமூசேனும் ஓவெர்ஞும் ஸ்பெயினின் அரான் பள்ளத்தாக்கும் இத்தாலிய ஆல்ப்ஸின் சில பள்ளத்தாக்குகளும் அடங்கும். அந்தப் பெரிய நிலத்தின் பெயரை ஒரு பிராந்தியம் எடுத்துக்கொண்டுவிட்டது. 13ஆம் நூற்றாண்டு எழுத்தர்கள் செய்த அதே காரியம், அதே பெயரின் மறுவடிவத்தைக் கொண்டு, 21ஆம் நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது.

இன்று பெயர் எங்கே வாழ்கிறது

நிர்வாகத்தில் இல்லாவிட்டாலும் லாங்கதொக் முக்கியமாக மூன்று இடங்களில் உயிரோடு இருக்கிறது.

முதலில் ஒயின். 1985இல் 'கொத்தோ து லாங்கதொக்' என்று தொடங்கிய அரசு அங்கீகாரத் தரப்பெயர், 2007இல் வெறும் 'லாங்கதொக்' ஆனது. அப்போது எல்லையை விரித்து ருஸியோனையும் சேர்த்தார்கள். மாகாணமாக ஒருபோதும் ஆளாத நிலத்தை ஒயின் புட்டியில் லாங்கதொக் ஆள்கிறது. இதே பகுதியிலிருந்து 'பே தொக்' என்று இன்னொரு தரப்பெயரும் வரும். 'ஒக் நாடு' என்று பொருள். விதிகள் வேறு, கடையில் வாங்கும்போது இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

அடுத்தது மொழி. ஒக்சித்தான் மொழியின் வட்டார வழக்குகளில் ஒன்றுக்கு 'லாங்கதொசியன்' என்று பெயர். அதன் எல்லையும் மாகாண எல்லையோடு ஒட்டாது. மாகாணத்துக்கு வெளியே இருந்த ருவெர்கு, கெர்சி பகுதிகளில் இந்த வழக்கு உண்டு. மாகாணத்துக்குள் இருந்த நீம் பக்கம் புரோவான்ஸ் வழக்கின் சாயல் மிகும். 1539இல் நீதிமன்ற ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுத ஆணை வந்தது முதல், 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகள் அந்த மொழியை வகுப்பிலிருந்து விரட்டியது வரை பல அடிகள் விழுந்து, இன்று பெரும்பாலும் முதியோரிடமே அது மிச்சமிருக்கிறது. ஆனால் துலூஸ் மெட்ரோ ரயிலில் நிலையப் பெயர்களைப் பிரெஞ்சுக்கு அடுத்து ஒக்சித்தானிலும் கேட்கலாம்.

மூன்றாவது, வரலாற்று எழுத்து. இங்கே ஒரு சின்ன இலக்கண அடையாளம் உதவும். இன்றைய பிரெஞ்சில் நிலப்பெயருக்கு முன் சுட்டு அடை சேர்த்து 'து லாங்கதொக்' என்பார்கள். பழைய நடை அதை விட்டுவிட்டு 'த லாங்கதொக்' என்று எழுதும். தெவிக், வெசெத் என்ற இரு பெனடிக்டின் துறவிகள் 1730 முதல் 1745 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட லாங்கதொக் பொது வரலாற்றின் தலைப்பு அப்படியே. லெ ருவா லதூரி 1966இல் லாங்கதொக் குடியானவர்களைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் அந்தப் பழைய வடிவத்தையே தலைப்பில் வைத்துக்கொண்டது. அடை இல்லாமல் கண்டால், பேச்சு பழைய மாகாணத்தைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படிக்கும்போதும் எழுதும்போதும்

ஆண்டைப் பார்த்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

1790க்கு முந்தைய செய்தி என்றால் துலூஸும் அதில் அடக்கம், பெர்பிஞான் அடக்கமில்லை. 1760களில் ஆடு மேய்த்த சிறுவர் சிறுமியரை அடித்துக் கொன்றதாகப் பேசப்பட்ட 'ழெவோதான் மிருகம்' லாங்கதொக்கில் திரிந்தது என்று படித்தால் வியக்க வேண்டாம். இன்று லொசேர் எனப்படும் அந்த மலைநாடு அன்று மாகாணத்தின் பகுதி.

1950களுக்கும் 2015க்கும் இடைப்பட்ட புள்ளிவிவரம், தேர்தல், வேலைவாய்ப்புச் செய்தி என்றால் 'லாங்கதொக்-ருஸியோன்' என்ற ஐந்து மாவட்டப் பிராந்தியம். இங்கே கணக்குத் தலைகீழ்: பெர்பிஞான் உள்ளே, துலூஸ் வெளியே. செய்தியாளர்கள் சோம்பலில் 'லாங்கதொக்' என்று சுருக்குவதுண்டு. பெர்பிஞான்காரர் அதைக் கேட்டால் திருத்துவார்.

2016க்குப் பிந்தைய அரசு ஆவணம் என்றால் 'ஒக்சித்தானி' மட்டுமே. 'லாங்கதொக்' என்ற சொல் அதற்குப் பின் வந்தால், ஒயினா, பூங்காவா, சாலையா, பேச்சு வழக்கில் கடலோரச் சமவெளியா என்று இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

மொழியைச் சொல்லும்போது 'லாங்கதொக் மொழி' என்று எழுதுவது இரட்டிப்பு. பெயருக்குள்ளேயே மொழி இருக்கிறது. 'ஒக் மொழி' அல்லது 'ஒக்சித்தான்' என்பது போதும். நிலத்தைச் சொல்லும்போது 'பழைய லாங்கதொக் மாகாணம்', 'முன்னாள் லாங்கதொக்-ருஸியோன் பிராந்தியம்' என்று அடைமொழியோடு எழுதினால் வாசகருக்கு எல்லை விளங்கும். ஒக்சித்தானிக்கும் இந்தக் கவனம் தேவை. பிராந்தியமா, மொழி வழங்கும் பெருநிலமா என்று சொல்லாமல் விட்டால், மார்செய் நகரம் ஒக்சித்தானியில் இருக்கிறது என்பவரும் இல்லை என்பவரும் ஒரே நேரத்தில் சரியாகச் சொன்னவர்கள் ஆவார்கள்.